தலைமடைக்காரன் கையெழுத்து

ஏழு பேர் சேர்ந்து எங்கள் வயல்களுக்குப் பூட்டுப் போட்டோம். உண்மையில் பூட்டு விழுந்தது ஆறு வயலுக்குத்தான் என்பது எனக்கு மூன்று வருஷம் கழித்துத் தெரிந்தது. விட்டுப்போன அந்த ஒரு வயல் யாருடையது என்றால், துபாயில் ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பில் பதினான்கு வருஷமாக எனக்குக் கீழ்க் கட்டிலில் படுத்துக் கிடந்தவனுடையது. இதை எழுத உட்காரும்போதே வயிறு எரிகிறது. எரியட்டும். ஊரில் இப்போது கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது, நான்தான் எல்லோரையும் மாட்டிவிட்டேன் என்று. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

முதலில் எங்கள் வயல்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற பக்கம். அங்கே ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. வாய்க்காலிலிருந்து தண்ணீர் முதல் வயலில் இறங்கும். அது நிறைந்ததும் வரப்பில் மடையை வெட்டிவிட்டால் அடுத்த வயலுக்குப் போகும். அப்படியே ஒன்றிலிருந்து ஒன்றாக ஏழு வயல். முதல் வயல் அந்தக் கீழ்க் கட்டில்காரனுடையது, தலைமடை. கடைசி வயல் என்னுடையது, கடைமடை. நடுவில் யாராவது ஒருத்தர் மண்ணைக் கொட்டித் தன் வயலை மேடாக்கினால், மேலே இருப்பவன் முங்குவான், கீழே இருப்பவன் காய்வான். தலைமடையே மேடாகிவிட்டால் கேட்கவே வேண்டாம், கீழே ஆறு பேருக்கும் ஒன்றும் கிடையாது.

என் வயல் பரம்பரையாக வந்தது இல்லை. வெளிநாட்டில் சம்பாதித்து நான் வாங்கியது. பத்திரம் என் பேரில் இருக்கிறதே தவிர அதில் சேற்றை மிதித்துப் பயிர் வைக்கிறவள் என் மனைவி. நான் வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் போய் வரப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறவன். ஆனால் இங்கே கிடங்கில் கன்டெய்னர் சீலைச் சரிபார்த்துக்கொண்டு, நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் பெட்டி எண்ணிக்கொண்டு நான் நாளைக் கடத்துவது அந்த வயலை நம்பித்தான். ஐம்பத்தைந்து வயதில் கலாஸ், போதும் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனால், எனக்கு வேறு பிழைப்பு தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் மிச்ச காலத்துக்குச் சோறு போட இருப்பது அது ஒன்றுதான்.

ஒரு லீவில் போயிருந்தபோது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கலர் கொடி கட்டியிருந்தார்கள். வயலை நிரப்பிக் கல் ஊன்றி, ஏதோ ஒரு நகர் என்று வளைவும் வைத்துவிட்டார்கள். இடைத்தரகர் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து, “அண்ணி, எத்தனை நாளைக்குத்தான் சேத்துல கிடப்பீங்க?” என்று என் மனைவியிடம் கேட்டாராம். “கிடக்கிற வரைக்கும் கிடப்பேன், நீங்க காபியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க” என்று அவள் அனுப்பியிருக்கிறாள். திரும்பி கேம்ப்புக்கு வந்ததும் இதை அந்தத் தலைமடைக்காரனிடம் சொன்னேன். நாங்கள் சொந்தம் இல்லை. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். சின்ன வயதிலிருந்தே நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மாப்ள. அவன் எங்கள் கம்பெனியில் டைம்கீப்பர். எழுத்து வேலை என்றால் கேம்ப்பே அவனிடம்தான் போகும். பாஸ்போர்ட் ரின்யூவலா, ஊரிலிருந்து வந்த நோட்டீசுக்குப் பதிலா, எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பான். டீ கூட வாங்க மாட்டான்.

யோசனையைச் சொன்னது அவன்தான். இதை அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது அது என் தலையில் கட்டப்பட்டிருக்கிறது.

“மச்சான், நமக்கு வெளியாள் எதிரி இல்ல. நாமதான் நமக்கு எதிரி. ஏழு பேர்ல ஒருத்தனுக்குப் பண முடை வந்தா வித்துப்புடுவான். அவன் வித்தா மத்த ஆறு பேரும் வித்துத்தான் ஆகணும். முடை வர்றதுக்கு முன்னாடியே நாமளா பூட்டிக்கணும்.”

ஊருக்குப் பக்கத்து டவுனில் ஒரு வக்கீலைப் பிடித்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீடியோவில் கூப்பிட்டோம். எமிரேட்ஸில் இருந்த எங்கள் ஊர் வயல்காரர்கள் ஐந்து பேரும் எங்கள் ரூமில் கட்டிலுக்குக் கட்டில் உட்கார்ந்திருந்தோம். சவூதியில் கோபாரில் ஏசி டெக்னீஷியனாக இருப்பவரும், பஹ்ரைனில் குதைபியாவில் மளிகைக் கடை வைத்திருக்கிற, நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிற பெரியவரும் போனில் வந்தார்கள்.

வக்கீல் விளக்கினார். “நிலம் உங்களோடதுதான். உழலாம், குத்தகைக்கு விடலாம், விக்கலாம், பிள்ளைங்களுக்கு எழுதலாம். ஆனா அதுல மண்ணைக் கொட்டி மேடாக்குற உரிமைய மட்டும் மத்தவங்களுக்கு விட்டுக் குடுத்துடுறீங்க. ஒருத்தர் வயல் வழியா இன்னொருத்தருக்குத் தண்ணி போற பாத்தியதையையும் எழுதிடுறோம். ரிஜிஸ்டர் ஆச்சுன்னா அந்தக் கட்டு நிலத்தோடயே போகும். நாளைக்கு யாரு வாங்கினாலும் வயலாத்தான் வெச்சிருக்கணும். யாரையாவது விடுவிக்கணும்னா மத்த எல்லாரும் கையெழுத்துப் போடணும். யோசிச்சுக்குங்க, இது யாரும் உங்களைக் கட்டாயப்படுத்துறது இல்ல. நீங்களா கட்டிக்கிறது.”

நானே விரும்பித்தான் கட்டிக்கொண்டேன். நாலு பேர் உடனே சரி என்றார்கள். கோபார்காரர் மனைவியிடம் கேட்டுவிட்டு ஒரு வாரத்தில் சரி என்றார். இழுத்தது குதைபியா அண்ணன் மட்டும்தான். அவர் வயல் என் வயலுக்கு நேர் மேலே இருப்பது.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நான் முதன்முதலில் வெளிநாடு வந்தது துபாய்க்கு இல்லை, பஹ்ரைனுக்கு. ஏஜெண்ட் சொன்ன வேலை அங்கே இல்லை. ஏழு மாதம் அண்ணன் கடைக்கு மேலே இருந்த சின்ன ரூமில் பால் பெட்டிகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தேன். சோறு அவர் போட்டார். திரும்ப ஊருக்குப் போக டிக்கெட்டும் அவர்தான் எடுத்தார். எதையும் சொல்லிக் காட்டியது கிடையாது. பேசுவதே கம்மி.

அப்படிப்பட்டவர் அந்தப் பத்திர விஷயத்தில் மட்டும் நாலு தடவை போன் போட்டுப் பேசினார். “தம்பி, எனக்கு வயசாவுது. கடை வாடகைக் கடை. நாளைக்கு எனக்கே ஒரு முடை வந்தா என்ன பண்றது? இருக்கிறது இந்த வயல் ஒண்ணுதான்.”

“அண்ணே, நான் இருக்கேன்ல” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. நம் ஆட்கள் எல்லோரும் சொல்வதுதான் அது. “சரி, நீ சொல்ற. போட்டுடுறேன்” என்றார்.

பத்திரம் ஊரில்தான் ரிஜிஸ்டர் ஆக வேண்டும். ஏழு பேரும் ஒரே சமயத்தில் லீவ் எடுத்துக்கொண்டு போகிற கதை நடக்காது. வெளிநாட்டில் இருப்பவன் எப்போதும் செய்வது என்னவோ அதையே செய்தோம். ஊருக்குப் போகிற ஒருத்தன் பேருக்கு மற்றவர்கள் பவர் எழுதிக் கொடுப்பது. அடுத்த லீவ் எங்கள் தலைமடைக்காரனுக்கு. அதனால் ஆறு பவரும் அவன் பேருக்கு. கான்சுலேட்டில் கையெழுத்துச் சான்று வாங்கப் போன அன்றைக்கு ஃபாரம், போட்டோ, பசை, பேனா என்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கூடவே வந்தான். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்று டோக்கன் வாங்கிக் கொடுத்தான். அண்ணன் பஹ்ரைனிலும் கோபார்காரர் சவூதியிலும் முடித்து கூரியரில் அனுப்பினார்கள். ரூமில் என் கட்டில் மேல் ஆறு பவரையும் பரப்பி வைத்து எண்ணினோம்.

“உன்னோடது எங்க மாப்ள?” என்று எங்களில் ஒருத்தர் கேட்டார்.

“பவர் வாங்குறவன் தனக்குத்தானே பவர் எழுதிக்குவானாண்ணே? நான் நேர்ல உக்காந்து போடுறேன்” என்றான். எல்லோரும் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

லீவில் போன மூன்றாம் நாள் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் நின்று வீடியோ போட்டான். நெற்றியில் விபூதி, கையில் பழுப்பு உறை. “கலாஸ் மச்சான், முடிஞ்சுது” என்றான். திரும்பி வரும்போது ஆளுக்கு ஒரு நகல் கொண்டுவந்தான். கடைசிப் பக்கத்தில் நிலங்களின் சர்வே எண்கள் வரிசையாக இருந்தன. என் எண் சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். நாலு எல்லையும் படித்தேன். மற்ற ஐந்து பேரும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள், அவரவர் எண்ணை மட்டும். எத்தனை எண் இருக்கிறது என்று ஒருத்தராவது விரல் விட்டு எண்ணியிருக்கலாம். டூட்டியில் சீல் நம்பர் பார்க்காமல் ஒரு கன்டெய்னரைத் திறக்கவிட மாட்டேன் நான். மேனேஜரே நின்று யல்லா யல்லா என்று அவசரப்படுத்திக் கத்தினாலும் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். அப்பேர்ப்பட்ட நான், ஊரில் யார் நிலத்துக்கும் போனிலேயே வில்லங்கம் பார்த்துவிடலாம் என்று தெரிந்தும், அவன் நிலத்துக்குப் பார்க்கவில்லை. பார்ப்பது அவனை அவமானப்படுத்துவது என்று நினைத்தேன். அன்றைக்கு மட்டன் பிரியாணி செய்து சாப்பிட்டோம்.

மூன்று வருஷம் நன்றாகத்தான் போனது. இடைத்தரகர் எங்கள் வாய்க்கால் பக்கம் வருவதை நிறுத்தினார். அதைக்கூட நான் அவனிடம் பெருமையாகச் சொன்னேன்.

போன வருஷம் ஒரு நாள் காலை பத்து மணி பிரேக்கில் என் மனைவி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். லாரி பின்பக்கமாக வந்து நின்று சிவப்பு கிராவலைக் கொட்டுகிறது. ஒன்று போனதும் இன்னொன்று. கூப்பிட்டேன்.

“யாரு நிலம் இது?”

“பாத்தா தெரியலையா?”

“வாய்க்காலுக்கு அந்தப் பக்கமா?”

“என்னங்க, தலைமடை. உங்க மாப்ள நிலம்.”

“அவன் இங்க இருக்கான்டி. அவனுக்குத் தெரியாம எவனோ கொட்டுறான். போய் லாரிய மறி.”

“மறிச்சேன். டிரைவர் பேப்பர் காமிச்சாரு. போன தை மாசமே கிரயம் ஆயிருக்கு” என்றாள். அவள் குரல் ஏறவே இல்லை. எனக்காக நிதானமாகப் பேசுகிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

அப்போதும் நான் அவனைச் சந்தேகப்படவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். ஆள்மாறாட்டம், போலிப் பத்திரம் என்றுதான் என் புத்தி ஓடியது. வக்கீலைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்சம் தடுமாறினார். “அவர் நிலம் நம்ம ஒப்பந்தத்துல கிடையாதுங்களே. பட்டா அப்பா பேர்ல இருக்கு, மாத்தினதும் தனியா சேத்துக்கலாம்னு சொன்னார். நீங்க எல்லாரும் சம்மதம்னு சொன்னார். உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்?”

போனை வைத்துவிட்டு அன்றைக்கு மிச்ச டூட்டியை எப்படிப் பார்த்தேன் என்று நினைவில்லை. கோபத்தைவிட அசிங்கம்தான் முதலில் வந்தது. என் தலையில் மூன்று வருஷமாக மிளகாய் அரைத்திருக்கிறான், நான் குனிந்து கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அவன் வேறு சைட்டுக்குப் போயிருந்தான். திரும்பி வர ஞாயிற்றுக்கிழமை ஆனது.

மத்தியானம் ரூமுக்குப் போனபோது அவன் கீழே பேப்பர் விரித்து மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு அவன் பொறுப்பு, வெங்காயம் உரிப்பது என் பொறுப்பு. அன்றைக்கு வெங்காயத்தையும் அவனே உரித்து வைத்திருந்தான்.

“தலைமடையில லாரி நிக்குது” என்றேன்.

“ஆமா மச்சான்.”

“ஆமான்னா?”

“வித்துட்டேன். சொல்லணும்னுதான் இருந்தேன்.” மீன் ஆய்வதை அவன் நிறுத்தவில்லை.

“பத்திரத்துல உன் நம்பரே இல்லையாம்.”

“பட்டா அப்பா பேர்ல இருந்துச்சு.”

“உங்கப்பா செத்து எட்டு வருஷம் ஆவுது. நாம பத்திரம் போடுறதுக்கு முந்தின வருஷமே பட்டா மாத்திட்ட. மாத்துன அன்னைக்கு எனக்குத்தான் போட்டோ அனுப்புன. இன்னும் இந்த போன்லயே இருக்கு, காட்டட்டுமா?”

அவன் மீனைக் கீழே வைத்தான். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: “வித்தது என் நிலத்தத்தானே மச்சான். உன் நிலத்துல ஒரு சட்டி மண்ணு கொட்டுனேனா? ஓரமா குழா பதிச்சுத் தண்ணி விடணும்னு எழுதி வாங்கிட்டுத்தான் குடுத்தேன். உனக்குத் தண்ணி வரும்.”

என் வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் அப்பாவை, அவன் போட்ட விபூதியை, ஒன்றையும் விடவில்லை. பக்கத்து ரூம் மலையாளி வந்து “எந்தா பாய்?” என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவன் மீன் சட்டியை எடுத்து மூடி வைத்தான். எல்லாம் முடிந்ததும், “சாப்பிட்டுட்டுப் பேசலாம்” என்றான். அந்த ஒரு வார்த்தைக்கே அவனை அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. வெளியே போய் கேம்ப்பைச் சுற்றினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மூன்று மணிக்குப் பசி தாங்காமல் திரும்பி வந்து அந்தக் குழம்பைத்தான் ஊற்றிச் சாப்பிட்டேன். அடுத்த வாரம் அவன் வேறு ரூமுக்கு மாறிக்கொண்டான்.

ஏன் செய்தான் என்பது அப்போதும் எனக்கு விளங்கவில்லை. விற்க வேண்டும் என்றால் விற்றிருக்கலாம். பூட்டு என்று ஒரு யோசனையை அவனே கொண்டுவந்து, வக்கீலைப் பிடித்து, வரிசையில் நின்று டோக்கன் வாங்கி, இத்தனை பாடு எதற்கு? அது எனக்குத் தெரிந்தது துபாயில் ஓர் ஓட்டல் ஹாலில். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மனை விற்க ஊரிலிருந்து கம்பெனிக்காரர்கள் வந்து கண்காட்சி போடுவார்கள். இலவச பஸ், இலவச டீ, ஒரு பிளாஸ்டிக் பை. வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீசில் எங்கள் தலைமடையின் படம் இருந்தது. நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன்.

ஸ்டாலில் டை கட்டிய ஒரு தம்பி மேஜையில் வரைபடத்தை விரித்தார். நடுவில் மனைகள் கட்டம் கட்டமாக. அதற்குக் கீழே நீளமாகப் பச்சை அடித்திருந்தது.

“இந்த லேஅவுட்டோட ஸ்பெஷலே இந்தப் பச்சைதான் சார். மத்த இடத்துல இன்னைக்கு வயல் இருக்கும், நாளைக்குப் பக்கத்துலயே மூணு மாடி வந்துடும். இங்க வரவே வராது. லைஃப் லாங் வயல்தான். காத்து, வெளிச்சம், வியூ எல்லாம் அப்படியே இருக்கும்.”

“எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“ரிஜிஸ்டர் பண்ண டாகுமெண்ட் இருக்கு சார். இதுல இருக்கிற ஆறு பேரும் எதுவும் கட்ட முடியாது” என்று ஃபைலைத் திறந்து காட்டினார்.

எங்கள் பத்திரம். பிளாஸ்டிக் உறைக்குள் சுத்தமாகப் போட்டு வைத்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் எங்கள் ஆறு பேர் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் கீழே பவர் ஏஜெண்ட் என்று அவன் கையெழுத்து. ஆறு தடவை போட்டிருந்தான். ஆறும் ஒரே மாதிரி, அவசரம் இல்லாமல், அடியில் கோடு இழுத்து. தனக்காக ஒன்று மட்டும் போடவில்லை. எங்களை வயலாகவே இருக்கக் கட்டிப்போட்டுவிட்டு, அதைக் காட்டித் தன் நிலத்தை விலை கூட்டி விற்றிருக்கிறான். நாங்கள் பூட்டப் பூட்ட அவன் மண்ணுக்கு மதிப்பு ஏறியிருக்கிறது.

வரைபடத்தில் மூலை மனை ஒன்றில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தது. “இது போயிடுச்சா?” என்றேன். “அது விக்கிறதுக்கு இல்ல சார். நிலத்துக்காரரே வீடு கட்ட வெச்சுக்கிட்டாரு. மாடியில நின்னா கடைசி வரைக்கும் பச்சையாத் தெரியும்னு” என்றார். கடைசி வரைக்கும் என்றால் என் வயல் வரைக்கும். அவர் விரல் அதன் மேல்தான் இருந்தது. “சாருக்கு எந்த ஊரு?” என்று கேட்டார். பக்கத்துலதான் என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஏமாந்தவன், அவன் ஏமாற்றியவன் என்று எழுதி நிறுத்தியிருப்பேன். முடியவில்லை.

அண்ணன் குதைபியாவிலிருந்து கூப்பிட்டார். அவர் கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். வேறு இடம் பிடிக்க வயதும் இல்லை, தெம்பும் இல்லை. ஊருக்கே வந்துவிடுகிறார். கையில் ஒன்றும் இல்லை. அதே மனைக் கம்பெனி இரண்டாம் கட்டத்துக்கு அவர் வயலைக் கேட்கிறது. லைஃப் லாங் வயல் என்று நோட்டீஸ் அடித்தவர்கள்தான். வயலாக விற்றால் கிடைப்பது அவர் மருந்துச் செலவுக்கே காணாது. ஒப்பந்தத்திலிருந்து அவரை விடுவிக்க மற்ற ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

“நாலு பேரு போட்டுட்டாங்க தம்பி. நீ மட்டும்தான்” என்றார்.

“அண்ணே, உங்க வயல் மேடாச்சுன்னா எனக்குக் குழாத் தண்ணியும் வராது.”

“எனக்குத் தெரியாதா?”

“வேற வழி பாக்கலாம்ணே. நான் கொஞ்சம் கொஞ்சமா...”

“முடை வந்தா நான் இருக்கேன்னு சொன்னியே தம்பி” என்றார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. நினைவிருக்கிறதா என்று கேட்கிற மாதிரிதான் இருந்தது. “நான் அவன் மூஞ்சியப் பாத்தா பவர் எழுதிக் குடுத்தேன்? உன் மூஞ்சியப் பாத்துக் குடுத்தேன்.”

ரெண்டு நாள் டைம் கேட்டேன். மனைவியிடம் சொன்னேன். “அண்ணன் வீட்டுச் சோத்தத் தின்னது நீங்க. நாத்து விட்டிருக்கிறது நான். நீங்களே முடிவு பண்ணுங்க” என்றாள். அந்த ரெண்டு நாளும் கிடங்கில் தப்புத் தப்பாக எண்ணினேன். சூப்பர்வைசர் “க்யா ஹோ கயா பாய்?” என்று, என்ன ஆச்சு உனக்கு என்று, இரண்டு தடவை கேட்டுவிட்டார். பால் பெட்டிகளுக்கு நடுவே படுத்திருந்த ஏழு மாதம் ஒரு பக்கம். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் எங்களுக்கு இருக்கிற ஒரே சோறு இன்னொரு பக்கம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணனைக் கூப்பிட்டு, “முடியாதுண்ணே” என்றேன். “மன்னிச்சுக்குங்க. எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு.”

அந்தப் பக்கம் கடை ஃப்ரிட்ஜ் இரைகிற சத்தம் கேட்டது. யாரோ வந்து இந்தியில் ரொட்டி கேட்டார்கள். அண்ணன் எடுத்துக் கொடுத்துச் சில்லறை எண்ணிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து போனை எடுத்தார்.

“அவன் உனக்குத் தெரியாமப் பண்ணான் தம்பி. நீ எனக்குத் தெரிஞ்சே பண்ற” என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டார். அன்றைக்கே எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிக்கொண்டார்.

அவனை நான் என்னென்ன வார்த்தையில் திட்டினேனோ அத்தனையையும் திருப்பி என்னைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சில வார்த்தைகள் பொருந்தத்தான் செய்தன. என்ன ஆத்திரம் என்றால், அதிலும் அவன்தான் ஜெயித்திருக்கிறான். விற்றுவிட்டுப் போன அவனோடு ஊரில் எல்லோரும் சிரித்துப் பேசுகிறார்கள். அவன் புதுமனைப் புகுவிழாவுக்கு எல்லா வீட்டிலிருந்தும் போனார்கள். கையெழுத்துப் போடாத என்னைத்தான் இரக்கமில்லாதவன் என்கிறார்கள். பத்திரம் போட வைத்ததும் நானாம், ஒரு பெரிய மனுஷனைப் பட்டினி போட்டதும் நானாம்.

இந்த வருஷம் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த அன்று மனைவி கூப்பிட்டாள். குழாயில் மெல்லிசாகத்தான் வருகிறது, ஒவ்வொரு வயலாக நிறைந்து இறங்க நாலு நாள் ஆனது என்றாள். வீடியோ அனுப்பினாள். எங்கள் வயலில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது.

“அண்ணன் வயல்ல மடையத் தொறந்து விட்டது யாரு? குத்தகைக்காரனா?” என்று கேட்டேன்.

“இல்ல. அண்ணனேதான். போன வாரம் ஊருக்கு வந்துட்டாரு. காலையில மம்பட்டிய எடுத்துட்டு வந்து, அவர் வயல் நிறைஞ்சதும் நம்ம பக்கம் வெட்டி விட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“என்னைப் பத்தி எதாவது கேட்டாரா?”

“இல்லீங்க” என்றாள். “கேக்கல.”